கடல் கலைக்காத சனம்

காலநிலைத் திட்டங்களுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அழகாக எழுத எனக்கு வராது. என் அறிக்கைகளைத் திருத்திய எல்லோரும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நான் கையெழுத்து வைத்து அனுப்பிய எதையும் பிறகு பொய் என்று ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தத் திமிரோடுதான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இந்த இடத்திலேயே மூடி வைக்கலாம்.

எங்கள் வேலை என்ன என்பதை முதலில் நேராகச் சொல்கிறேன். காலநிலை மாற்றத்தால் தனக்கு என்ன நடந்தது, அதற்குத் தான் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு நாடும் ஐ.நா.வுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். எங்களைப் போன்ற நாட்டிடம் அதை அளக்கக் கருவியும் இல்லை, எழுத ஆளும் இல்லை. எனவே வசதியான நாடு ஒன்று காசு தரும். அளப்பதற்கும் தரும், எழுதுவதற்கும் தரும், எழுதியதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கும் தரும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குரிய பகுதியை எழுதுவது எங்கள் கந்தோரின், அதாவது அலுவலகத்தின், பொறுப்பு. கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட, உயரமாக மதில் கட்டிய ஒரு வாடகை வீடுதான் கந்தோர். நான் அங்கே தரவுப் பொறுப்பாளராக இருந்தேன். களத்தில் இருந்து வரும் அட்டவணை எதுவும் என் கையெழுத்து இல்லாமல் கொழும்புக்குப் போகாது.

உங்களுக்குப் பயிற்சிப் பட்டறை வைப்பார்கள். தொப்பியும் பையும் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், தொப்பி வெயிலுக்கு நல்லது. கருவியை எப்படிப் பிடிப்பது, படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லித் தருவார்கள். அதையும் கேளுங்கள். ஒரு சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தரும்போது என்ன செய்வது என்று மட்டும் எந்தப் பட்டறையிலும் சொல்லித் தரமாட்டார்கள். அதனால் அதை நான் சொல்கிறேன்.

அந்தச் சொல் இடம்பெயர்வு.

கரையோர மக்களிடம் கேட்பதற்கான கேள்விகளைக் கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் மொழிபெயர்த்து அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. கடல் அரிப்பு, உப்புநீர், புயல் என்று ஒரு தலைப்பு. அதன் கீழ் ஒரு கேள்வி: ‘கரையோரத்தில் இருந்த சொந்த இடத்தை விட்டு உங்கள் குடும்பம் இடம்பெயர்ந்ததா?’ ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. ஏன் என்று கேட்க இடம் இல்லை. தலைப்பிலேயே காரணம் இருக்கிறதாம்.

எங்கள் பெடியளும் பெட்டையளும் ரப் என்ற கையடக்கக் கணினியைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். கேட்டார்கள். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஓம் என்றார்கள். பெட்டியைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. வராது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இடம்பெயர்வு என்றால் ஒன்றுதான். கேட்டவர்களுக்கும் தெரியும், சொன்னவர்களுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது கொழும்பில் அதைக் கூட்டிப் பார்த்த ஆட்களுக்குத்தான். தலைப்பைப் பார்த்தார்கள், பெட்டிகளைக் கூட்டினார்கள். குடாநாட்டின் கரையோரச் சனம் முழுவதையும் கடல் கலைத்து விரட்டிவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

வரைவு அறிக்கை வந்த அன்று கந்தோரில் கேக் வெட்டினார்கள். காசு தரும் நாட்டில் இருந்து வந்திருந்த வெள்ளைக்காரர்தான் எங்கள் திட்டத் தலைவர். நல்ல மனிதர். வெயிலில் எங்களோடு நின்று தண்ணீர் அளப்பார். அவருக்கு அன்று கால் நிலத்தில் படவில்லை. நாட்டின் அறிக்கையிலேயே ஆகப் பெரிய எண்ணிக்கை எங்களுடையது என்று கொழும்பில் இருந்து தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். அந்த எண்ணிக்கையைக் காட்டினால் இரண்டாம் கட்டக் காசு கட்டாயம் வரும். அதில் ஆழமில்லாத பரவைக்கடல் ஓரத்துக் குடியிருப்பு ஒன்றுக்கு, உப்பை நீக்கி நல்ல தண்ணீர் தரும் சின்ன ஆலை ஒன்று போடுவதாகத் திட்டம்.

நான் அட்டவணையைப் பார்த்தேன். கேக் துண்டை வைத்துவிட்டு, அந்தப் பகுதிக்குப் போய்வந்த பிள்ளையைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரப் பெட்டை, பெயர் தர்சினி.

“தர்சினி, இந்தச் சனம் ஏன் இடம்பெயர்ந்தது?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு மூளை பிசகிவிட்டதோ என்ற கவலை இருந்தது.

“என்னக்கா கேக்கிறியள்? சண்டையாலைதானே.”

“இதிலை கடலாலை எண்டு கிடக்கு.”

“கடலோ? நாங்கள் அப்பிடிக் கேக்கவே இல்லையே.”

அவ்வளவுதான். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்தக் குடியிருப்புச் சனம் வடக்குக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள். செல் குண்டு விழ, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள். பிறகு அவர்களுடைய ஊரைச் சுற்றி இராணுவத்தின் வேலி வந்தது. சண்டை முடிந்தும் வேலி முழுதாகப் போகவில்லை. துண்டு துண்டாகத்தான் காணியைத் திருப்பி விட்டார்கள். அவர்களுடைய துண்டு அப்போது வந்திருக்கவில்லை. இத்தனையையும் எங்கள் அட்டவணை ஒரே வரியில் கழுவித் துடைத்து, அதைச் செய்தது கடல் என்று எழுதி வைத்திருந்தது.

தலைவரிடம் போனேன். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். என் ஆங்கிலமும் என்னைப் போலத்தான், வளைந்து கொடுக்காது. சொன்னதை அவர் விளங்கிக்கொண்டார். முகம் வெளிறியது. ஒரு அடிக்குறிப்புப் போடலாம் என்றார். அடுத்த முறை கேள்வியைத் திருத்தலாம் என்றார். இப்போது எண்ணிக்கையை எடுத்தால் ஆலை போய்விடும், அந்தச் சனம் தொடர்ந்து உப்புத் தண்ணீரில் குளிக்க வேண்டியதுதான் என்றார். அவர் என்னை வெருட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வில்லங்கம். பொய் பேசுகிறவனோடு சண்டை பிடிப்பது சுகம்.

கையெழுத்து வைக்காமல் அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் குடியிருப்புக்குப் போனேன். அங்கே மாதர் சங்கத் தலைவி றெஜினா. என் வயதுதான் இருக்கும். மீனை ஏலம் கூறி விற்ற தொண்டை, மெல்லப் பேசத் தெரியாது. போன நேரம் தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்காகப் பெண்கள் கான்களை வரிசையாக வைத்துவிட்டு வேலியோர நிழலில் குந்தியிருந்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். றெஜினா சிரித்தாள்.

“மிஸ், நேற்றும் பவுசர் வரேல்லை. கிணத்துத் தண்ணியிலை பருப்பு அவியுதில்லை. நீங்கள் ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு சண்டை பிடிக்கிறியள்.”

“பொய்யெல்லே றெஜினா.”

“கடல் எண்டு எழுதினால் தண்ணி வரும். சண்டை எண்டு எழுதினால் என்ன வரும்?”

வரிசையில் இருந்த இன்னொரு பெண் பதில் சொன்னாள். “மோட்டச்சைக்கிளிலை ரெண்டு பேர் வருவினம், பேர் கேக்க.”

புலனாய்வுக்காரரைத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிய றெஜினா சொன்னாள்: “எழுதுங்கோ மிஸ். நாங்கள் கோவிக்கமாட்டம். எங்களைப் பற்றிக் கனபேர் கனக்க எழுதினவை. தண்ணி தாறம் எண்டு எழுதினது இதுதான் முதல்.”

திரும்பி வரும் வழி முழுக்க யோசித்தேன். அந்தச் சனமே எழுது என்கிறது. தண்ணீர் அவர்களுக்கு, தாகம் அவர்களுக்கு. நடுவில் நான் யார்? உங்களுக்கும் இந்த இடம் வரும். உதவி பெறப்போகிறவர்களே பொய்க்குச் சம்மதித்துவிட்டால் உங்கள் கையில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அன்று எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று, பிழை என்று தெரிந்த தாளில் கையெழுத்து வைத்துப் பழக்கம் இல்லை. வேறு பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. வைக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அட்டவணை என் மேசையில் கிடந்தது.

அறிக்கையை எல்லோருக்கும் காட்டிச் சரி பார்க்கும் கூட்டம் நல்லூரில் ஒரு விடுதி மண்டபத்தில் நடந்தது. கொழும்பில் இருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். மக்கள் பிரதிநிதி என்று றெஜினாவையும் அழைத்திருந்தார்கள். கோயில் திருநாளுக்கு உடுக்கும் சேலையில் வந்து, என் பக்கத்தில் இருந்தாள். கூட்டம் ஆங்கிலத்தில். அவளுக்குக் காதுக்குள் தமிழில் சொல்வது என் வேலை. தலைவர் அந்த அட்டவணையை, வரைவு என்று சின்ன எழுத்தில் போட்டு, திரையில் காட்டினார்.

கொழும்பில் இருந்து வந்த ஒரு அதிகாரி எழும்பினார். வயதான, மரியாதையாகப் பேசும் மனிதர். காணி, குடியேற்றம் சம்பந்தமான பொறுப்பு அவருடையது. அட்டவணையைப் பாராட்டினார். பிறகு அமைதியாக ஒரு வாக்கியம் சொன்னார். இத்தனை குடும்பங்களைக் கடல் வெளியேற்றியிருக்கிறது என்றால், வடக்குக் கரை குடியிருக்க ஏற்ற இடம் அல்ல என்பது இப்போது உறுதியாகிறது, ஆகவே இவர்களைத் திரும்ப அங்கே குடியேற்றுவதைப் பற்றி மறுபடி யோசிக்கலாம், இப்போது இருக்கும் இடத்திலேயே நிரந்தரமாக்குவதுதான் பாதுகாப்பு.

அவரில் பிழை சொல்லமாட்டேன். திரையில் இருந்ததைப் படித்தார். படித்தால் அந்த முடிவுதான் வரும். நாங்கள் அவருக்குக் கொடுத்த தாள் அப்படி.

அந்தச் சனம் இத்தனை வருடம் காத்திருப்பது அந்த ஒரு துண்டுக் காணிக்கு. அதைக் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார்கள், வெயிலில் மறியல் போராட்டம் இருந்திருக்கிறார்கள். இனி ஐ.நா.வுக்குப் போன அறிக்கையில், வெளிநாட்டுக் காசில் அச்சடித்து, கடல் கலைத்த சனம் என்று நிற்கும். அதற்குப் பிறகு காணியைக் கேட்டு எங்கே போவது? கடலிடமா?

இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த வாக்கியத்தை நான் றெஜினாவுக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ‘உங்களைப் பற்றி நல்லாச் சொல்லுறார்’ என்று சொல்லியிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள். தேநீர் வந்திருக்கும். கூட்டம் முடிந்திருக்கும். இரண்டு மொழிக்கு நடுவில் இருக்கிறவர்களுக்கு அப்படி ஒரு கள்ள அதிகாரம் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு அதைப் பாவிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் செய்து வைத்த கேடுகளையும் கண்டிருக்கிறேன்.

அவள் என் முழங்கையை இடித்தாள். “என்னவாம்?”

“கடல்தானாம் உங்களைக் கலைச்சது. அதாலை உங்கடை ஊருக்கு நீங்கள் இனித் திரும்பிப் போகாமல், இஞ்சையே இருக்கிறதுதான் நல்லதாம்.”

அவள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். ஒலிவாங்கியை நீட்டினார்கள், வாங்கவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை.

“ஐயா, நான் கலியாணம் கட்டிப் போகேக்கை கடல் எங்கை நிண்டதோ, இப்பவும் அங்கைதான் நிக்குது. என்ரை மனுசன் தொழிலுக்குப் போற நேரம் படகிலை இருந்து எங்கடை கோயிலைப் பாக்கிறவர். கோயில் நிக்குது. அதுக்குப் பக்கத்திலை எங்கடை வீட்டு வளவு கிடக்குது. கடல் எங்களைக் கலைக்கேல்லை. செல் கலைச்சது. கடல் எங்களுக்குச் சோறு போட்டது. உந்தப் பழியைக் கொண்டுபோய் அதின்ரை தலையிலை போடாதேங்கோ.”

திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாள். மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் என்னைப் பார்த்தார்கள். தலைவர் பேனாவால் மேசையில் மெல்லத் தட்டினார். மெதுவாகச் சொல், கொஞ்சம் குறைத்துச் சொல் என்று அதற்கு அர்த்தம். கந்தோரில் எல்லோருக்கும் தெரியும்.

நான் எழும்பி அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். செல் என்று அவள் சொன்ன இடத்தில் நானும் செல் என்றே சொன்னேன். அதை ‘அக்காலச் சூழ்நிலை’ என்று மாற்றவில்லை. பிறகு என் பங்குக்குச் சொன்னேன்: “திரையில் இருக்கும் அட்டவணைக்கு நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். இந்தச் சனத்திடம் கேட்டது ஒன்று, எழுதியிருப்பது இன்னொன்று.”

அந்த வயதான அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்படியானால் உங்கள் ஆட்கள் அவர்களிடம் காரணம் கேட்கவில்லையா?” இல்லை என்றேன். அவர் தன் குறிப்பில் எதையோ வெட்டினார். அட்டவணையைத் திரையில் இருந்து எடுத்தார்கள்.

தேநீர் நேரம் தலைவர் என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. இந்த மக்களின் தண்ணீரை நீ நிறுத்திவிட்டாய் என்றார். றெஜினா றோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“வெள்ளை என்ன சொல்லுது?”

“உங்கடை தண்ணியை நான் நிப்பாட்டிப் போட்டனாம்.”

“முந்தி எந்தத் தண்ணியாம் வந்தது?” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “அண்டைக்கு எழுதச் சொன்னன்தான். தண்ணிக்குச் சொன்னன். காணிக்குச் சொல்லேல்லை,” என்றாள். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அவளுக்கும் பயம். தண்ணீர் உண்மையிலேயே போய்விட்டதோ என்ற பயம். வீட்டுக்குப் போய் அந்தப் பெண்களின் முகத்தில் முழிக்க வேண்டியவள் அவள், நான் அல்ல.

அதனால் அங்கே நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்கவில்லை. மறுப்பது பாதி வேலை. மறுத்துவிட்டுப் போய் வீட்டில் படுத்துக்கொள்பவர்களை எனக்குப் பிடிக்காது. எல்லா வீட்டுக்கும் திரும்பப் போக வேண்டும், திரும்பக் கேட்க வேண்டும், காசு தருவதா இல்லையா என்று அந்த நாடு முடிவு எடுப்பதற்குள் முடிக்க வேண்டும். பிள்ளைகளை இருத்திக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று கேட்டேன். ஒவ்வொருவரும் புத்தகத் தமிழில் நீட்டி நீட்டிச் சொன்னார்கள். தர்சினிதான் அலுத்துப்போய்ச் சொன்னாள்.

“ஏனக்கா இந்தப் பாடு? ‘பிரச்சினையாலை வெளிக்கிட்டனீங்களோ, தண்ணியாலை வெளிக்கிட்டனீங்களோ’ எண்டு கேட்டாக் காணும்.”

பிரச்சினை என்றால் எங்கள் ஊரில் போர் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அப்படியே எழுதினோம். கேட்ட பிறகு, கேள்வியில் தங்களுக்கு என்ன விளங்கியது என்று வீட்டுக்காரரையே திருப்பிச் சொல்லவும் சொன்னோம். கொழும்பில் இது கேள்வி மாதிரி இல்லை என்றார்கள். பதில் வந்ததா இல்லையா என்று கேட்டேன்.

உண்மையாகக் கடலாலும் உப்பாலும் இடம் மாறிய குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. சொல்லக் கூச்சப்படும் அளவுக்குக் கொஞ்சம். அதை எழுதினோம். அதன் கீழே இன்னொன்றும் எழுதினோம். போரால் வெளிக்கிட்ட சனம் இப்போது குந்தியிருப்பது பரவைக்கடல் விளிம்பில். மாரியில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. கோடையில் கிணறு உப்பாகிறது. வருடத்துக்கு வருடம் உப்பு ஏறுவதை எங்கள் கருவிகளே காட்டுகின்றன. குடாநாட்டின் ஆக மோசமான நிலத்தில் அவர்கள் இருப்பது, தங்கள் நிலத்துக்குப் போக முடியாததால். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொழும்பில் வெட்டினார்கள். நான் திரும்பப் போட்டேன். திரும்ப வெட்டினார்கள். அது இல்லாமல் அட்டவணைக்குக் கையெழுத்து இல்லை என்றேன். வாக்கியம் நின்றது.

தலைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் தன் நாட்டுக்கு விளக்கம் எழுதியபோது மொழிபெயர்ப்பாளரிலோ கணக்கெடுத்த பிள்ளைகளிலோ பழி போடவில்லை. கேள்வியைச் சரி பார்க்காமல் விட்டது தலைமை என்று எழுதினார். பெரிய எண்ணிக்கையைக் காட்டிய நாளில் எனக்கு அவர் மேல் இல்லாத மரியாதை அன்று வந்தது. ஆலைக்குக் காசு வரவில்லை. மழைநீர்த் தாங்கிகளுக்கு வந்தது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் போதும். குளிப்பதற்குக் காணாது. றெஜினாவின் ஆட்கள் என்னைத் திட்டியும் இருக்கிறார்கள், சோறு தந்தும் இருக்கிறார்கள்.

அதன் பிறகு வடக்குக் கரையில் ஒரு துண்டுக் காணி விட்டார்கள். றெஜினாவின் வளவு அதற்குள் வந்தது. எங்களால்தான் அது கிடைத்தது என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். அது அந்தச் சனம் வெயிலில் குந்தியிருந்து வாங்கியது. அதைத் தடுக்க நினைத்த எவருக்கும் எங்கள் அட்டவணை உதவவில்லை. அது எனக்குக் காணும். ஓய்வு பெற்றபோது தந்த விருதுத் தட்டை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியாது. இதை மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் றெஜினா தொலைபேசி எடுத்தாள். பின்னால் காற்றும் கடலும் இரைந்தன.

“மிஸ், கிணத்தைத் துப்பரவாக்கி இறைச்சம். வாயிலை வைக்கேலாது. உப்பு.”

நான் பேனையைத் தேடி எடுத்தேன்.

“முந்தி இனிச்ச தண்ணி மிஸ். இது கடல்தான். இப்ப வந்து எழுதுங்கோ, இப்ப நானே கையெழுத்து வைக்கிறன்.”

“எழுதுறதுக்கு முதல் அளக்கவேணும் றெஜினா. கனகாலம் இறைக்காமல் கிடந்த கிணறு. கடலோ, வேறை ஏதுமோ தெரியாது. ஒரு கோடையும் ஒரு மாரியும் பாக்கவேணும்.”

“நீங்கள் திருந்தமாட்டியள்,” என்றாள்.

“ஓம்,” என்றேன். “தர்சினியை அனுப்புறன். வளவிலை எந்தக் கிணறு எண்டு வடிவாக் காட்டிவிடுங்கோ.”